தொடாமல் வைத்த தேத்தண்ணி

1

சந்தேகப்படுவதற்கு ஒரு பட்டம் கொடுப்பார்களென்றால் என் வீட்டுச் சுவரில் அது எப்போதோ தொங்கியிருக்கும். கடிதப் பெட்டியில் அரசாங்கத்து மஞ்சள் உறையைக் கண்டால், திறப்பதற்கு முன்னமே யார் என்னைப் பற்றி என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று யோசிப்பேன். வேலை செய்கிற பாண் தொழிற்சாலையில் மேலாள் சிரித்த முகத்தோடு காலை வணக்கம் சொன்னால், அன்றைக்கு ஆள் குறைவு, என்னைக் கூடுதல் நேரம் நிற்கச் சொல்லப் போகிறான் என்று அர்த்தம். என் மனைவி மலர் சொல்லுவாள்: "உங்களுக்குச் சாமி வந்து வரம் தந்தாலும் அதைப் பின்பக்கம் திருப்பிப் பாத்துத்தான் வாங்குவியள்." பொய்யில்லை. திருப்பிப் பார்க்காமல் வாங்கினவர்கள் பலரை நான் ஊரில் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலித் வந்தான். கோட்டும் கழுத்துப் பட்டியும், தலைக்கு எண்ணெய் போன்ற ஏதோ ஒன்றும். காலித் எங்கள் கட்டடத்துக்கு எதிர்க் கட்டடத்தில் இருக்கும் அரபுக் குடும்பத்துப் பொடியன். சிரியாவில், யூப்ரடீஸ் ஆற்றுக்கும் பாலைவனத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு குலத்து ஆட்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் பழக்கம் வந்த விதம் நல்ல விதமல்ல. ஐந்தாறு வருடத்துக்கு முன்னர் மலரின் கால் எலும்பை வான் வண்டியால் முறித்தவன் இவன்தான்.

"அம்மு," என்றான். அவர்கள் பாஷையில் அது சித்தப்பா. "எனக்குக் கலியாணம் பேசுகிறார்கள். பெண் கொலோன் நகரத்தில். எங்கள் பெரியவர்கள் பெண் கேட்கப் போவார்கள். நீங்களும் அவர்களோடு வந்து இருக்க வேண்டும்."

இதெல்லாம் டொச்சில், ஜெர்மன் மொழியில். டொச்சில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன்.

"நான் ஏன்?" என்று கேட்டேன்.

"நீங்கள் இல்லாமல் பெரியப்பா போக மாட்டாராம்."

இதற்குள் ஏதோ இருக்கிறது என்று என் புத்தி உடனே சொன்னது. யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன். அவன் மலர் கொடுத்த தேத்தண்ணியை அடிவரைக்கும் குடித்துவிட்டுப் போனான். மலர் அந்தக் கோப்பையைக் கழுவக் கொண்டுபோனபோதுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. அவர்களுக்கும் எங்களுக்கும் இடையில் நடந்ததெல்லாம் குடிக்காத தேத்தண்ணியால் நடந்தது. ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு, குடிக்காத தேத்தண்ணி என்றால் என்னவென்று நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் விளங்கப்படுத்துவேன்.

2

நாங்கள் இருப்பது கெல்சென்கிர்ச்சனில். முன்னர் நிலக்கரி தோண்டிய ஊர். இப்போது தோண்ட ஒன்றும் இல்லை, கட்டடங்கள் மட்டும் கறுப்பாகவே இருக்கின்றன. மலருக்கு அப்போதுதான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை கிடைத்திருந்தது. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். இந்த நாட்டுக்கு வந்து அவளுக்குக் கிடைத்த முதல் சரியான வேலை. இரண்டு வெள்ளை மேலங்கி வாங்கி, இரவில் ஸ்திரிக்கை போட்டு, கதவில் தொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இலை கொட்டுகிற காலத்தில் ஒரு பின்னேரம், குப்பைப் பையோடு முற்றத்துக்கு இறங்கியவளைக் காலித் பின்னுக்கு எடுத்த மரக்கறி வான் இடித்து விழுத்தியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக. பொடியன் ஓடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். அம்புலன்ஸ் வரும்வரை தன் ஜாக்கெட்டை அவள் தலைக்கு வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். மாவுக்கட்டுப் போட்டார்கள். முதியோர் இல்லத்திலிருந்து மரியாதையான ஒரு கடிதம் வந்தது. சுகமடைய வாழ்த்துகள், வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துவிட்டோம் என்று.

ஆஸ்பத்திரிக்கு வந்த பொலிஸ்காரி ஒரு படிவத்தைத் தந்தாள். இடித்தவனைத் தண்டிக்க வேண்டும் என்று காயப்பட்டவர் கேட்கிற அன்ட்ராக், விண்ணப்பம், அது. மூன்று மாதத்துக்குள் கையெழுத்து வைத்துக் கொடுக்கலாம், விரும்பினால் விடலாம். காலித்துக்கு அப்போது வருடா வருடம் நீட்டுகிற வீசா. கார் திருத்தும் இடத்தில் அவுஸ்பில்டுங் கிடைத்து, வேலை பழகத் தொடங்கியிருந்தான். தண்டனை ஒன்று விழுந்தால் வீசா நீட்டுகிற இடத்தில் கேள்வி வரும். இது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

நான் மலரிடம் சொன்னேன்: "வையும் கையெழுத்தை."

"பாப்பம்," என்றாள்.

அந்தக் கிழமைதான் கனகு அண்ணை சுகம் விசாரிக்க வந்தார். எங்கள் தமிழ்ச் சனத்துக்குள் பெரிய மனிசன். கோயில் திருவிழா, பொடியளின் பேச்சுப் போட்டி, எல்லாவற்றுக்கும் முன் வரிசைக் கதிரை. "அரபியளோடை கவனம் தம்பி," என்றார். "உவங்கள் தனி ஆளில்லை. குலம் கோத்திரம் எண்டு கூட்டமா வருவாங்கள். கேஸைக் குடுக்காதை எண்டு வெருட்டுவாங்கள். நீர் இருந்து பாரும்."

மகள் துஷா அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "ஐயோ பிள்ளை, இப்பதானே குடிச்சிட்டு வாறன்," என்றார். பிறகு, தொண்டை காய்ந்துபோய், "மூடி உடைக்காத தண்ணிப் போத்தல் ஏதும் இருந்தாத் தாவன்," என்றார்.

இப்போது விளங்கப்படுத்துகிறேன். எங்கள் வீட்டுக்கு ஊரில் மேல்சாதி வீட்டு ஆட்கள் வருவதுண்டு. வேலை சொல்ல, வாக்குக் கேட்க, சில நேரம் அப்பாவைத் திட்ட. அம்மா ஒவ்வொரு முறையும் புதுத் தூள் போட்டுத் தேத்தண்ணி வைப்பா. அவர்கள் ஒவ்வொரு முறையும் அதைத் தொடாமல் எழும்பிப் போவார்கள். ஆகத் தாகமென்றால் சோடாப் போத்தல், அதுவும் தங்கள் முன்னால் உடைக்க வேண்டும். அவர்கள் போனபிறகு அம்மா அந்தத் தேத்தண்ணியை வாழையடியில் ஊற்றுவா. நான் கடலும் மலையும் தாண்டி ஜெர்மனிக்கு வந்தேன். கனகு அண்ணையும் அதே கடலையும் மலையையும் தாண்டித்தான் வந்தார். மூடி உடைக்காத போத்தலும் கூடவே வந்திருக்கிறது.

3

கனகு அண்ணை சொன்னது பலித்தது. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் யன்னலால் பார்க்கிறேன், முற்றத்தில் கார்கள் வந்து நிற்கின்றன. இறங்குகிறவர்கள் எல்லாம் ஆண்கள். சிலருக்குக் கால்வரைக்கும் அங்கி, அதன்மேல் பொன் கரை வைத்த மெல்லிய போர்வை, தலையில் துணி, துணியின் மேல் கறுப்பு வளையம். ஒருவரோடொருவர் பேசாமல் எங்கள் வாசலுக்கு வருகிறார்கள்.

பயந்துபோனேன். வெட்கமில்லாமல் சொல்லுகிறேன். வீட்டுக்கு ஆம்பிளையள் கூட்டமாக, சத்தமில்லாமல் வந்தால் என்ன நடக்கும் என்று எங்கள் தலைமுறைக்குப் பழகியிருக்கிறது. இராணுவத் தொப்பி போட்டவர்கள் வந்தாலும் ஒன்றுதான், போடாதவர்கள் வந்தாலும் ஒன்றுதான். போகும்போது வீட்டிலிருந்து ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

"துஷா, அறைக்குள்ளை போ. கதவைப் பூட்டு."

"ஏன் அப்பா? கிழவர்மார்தானே வருகினம்."

கிழவர்மார்தான். அதுவே என் சந்தேகத்தைக் கூட்டியது. இளந்தாரிகள் எங்கே? கீழே காவலுக்கு நிற்கிறார்களோ? காலித் எங்கே?

மலர் படுக்கையறையில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். அங்கிருந்து குரல் வந்தது: "ஆரெண்டாலும் வீட்டுக்கு வந்தவை. தேத்தண்ணி குடுங்கோ."

கதிரை போதவில்லை. பாதிப்பேர் கம்பளத்தில் சப்பாணி கட்டி இருந்தார்கள். நடுவில் இருந்தவர்தான் அபூ நாயிஃப், காலித்தின் பெரியப்பா. நெடிய ஆள், வெள்ளைத் தாடி, கழுகு மூக்கு. துஷா தட்டோடு வந்தாள். அவர் அவளைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். மொழிபெயர்க்கவென்று சாம்பல் கோட்டுக்காரர் ஒருவர் வந்திருந்தார். என் டொச்சே பரவாயில்லை என்று சொல்லத்தக்க டொச் அவருக்கு. "நல்ல பிள்ளை என்கிறார். கடவுள் காக்கட்டும் என்கிறார்."

என் பிள்ளை நல்ல பிள்ளை என்று சொல்ல இவர் யார்?

கோப்பைகள் எல்லார் முன்னாலும் வைக்கப்பட்டன. ஒருத்தரும் தொடவில்லை. அபூ நாயிஃப் தன் கோப்பையை எடுத்து, தனக்கு முன்னால் நிலத்தில் வைத்து, கையை மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். பிறகு அவர் பேசத் தொடங்கினார். நீண்ட பேச்சு. நடுவில் காலித்தின் பெயர் வந்தது, நெஞ்சில் கை வைத்தார், கூரையைப் பார்த்தார். சாம்பல் கோட்டுக்காரர் அதை இரண்டு மூன்று வசனமாகச் சுருக்கினார். "நாங்கள் பெரிய குடும்பம். காலித் நல்ல பொடியன். உங்கள் வீட்டுக்கு ஒன்று கேட்டு வந்தோம். அதைத் தரும்வரை குடிக்க மாட்டோம்."

நான் துஷாவைப் பார்த்தேன். அவளுக்கு அப்போது பதினாறு. தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அங்கியும் போர்வையும் போட்ட பெரியவர்கள், பொடியனின் புகழ், நல்ல பிள்ளை என்ற சான்றிதழ், ஒன்று கேட்டு வந்தோம் என்ற பேச்சு. கூட்டிப் பார்க்க எனக்குக் கணக்குப் படிப்பு தேவையா? தாயின் காலை முறித்துவிட்டு மகளைப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள், படுபாவிகள்!

ஆனால் சத்தியமாகச் சொல்லுகிறேன், அந்த நிமிடத்தில் என்னைச் சுட்டது அதுகூட இல்லை. தேத்தண்ணி. கோப்பை கோப்பையாக, ஆறி, மேலே பாலாடை படிந்துகொண்டிருந்தது. என் வீட்டில், என் மகள் கையால் கொடுத்த தேத்தண்ணி. வாழையடியில் ஊற்ற இங்கே வாழையும் இல்லை.

எனக்குக் கண் இருட்டிவிட்டது. "முதலிலை குடியுங்கோ!" என்று டொச்சில் கத்தினேன். "என் வீட்டில் வந்து இருந்தால் குடிக்க வேண்டும். குடியுங்கோ! பிறகுதான் கதை!"

சாம்பல் கோட்டுக்காரர் என்னை நம்பாமல் பார்த்தார். "உண்மையாகவா?"

"உண்மையாகத்தான். எல்லாரும். இப்பவே!"

அவர் அரபில் சொன்னார். அறை முழுவதும் ஒரு பெருமூச்சு. அபூ நாயிஃப் என்னையே பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து, பாலாடையோடு சேர்த்து ஒரே மடக்காகக் குடித்தார். மற்றவர்களும் குடித்தார்கள். பிறகு எழும்பினார்கள். ஒவ்வொருவராக வந்து என் தோளில் முத்தமிட்டார்கள். அபூ நாயிஃப் என் நெற்றியில் முத்தமிட்டார். தாடி குத்தியது. வந்தது போலவே போய்விட்டார்கள்.

நான் பேயறைந்தவன் மாதிரி நின்றேன். துஷா காலிக் கோப்பைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இப்ப அவைக்கு என்ன குடுத்தனீங்கள்?"

"தெரியேல்லைப் பிள்ளை."

4

மறுநாள் காலையில் எதிர்க் கட்டடத்துப் பல்கனியில் ஒரு பெரிய வெள்ளைத் துணி பறந்தது. கம்பில் கட்டி, எங்கள் யன்னலைப் பார்த்து.

வெள்ளைக் கொடி எங்கே கட்டுவோம்? செத்த வீட்டுக்கு. "இஞ்சேரும்," என்று மலரைக் கூப்பிட்டேன். "எனக்கு இழவுக் கொடி கட்டிப்போட்டாங்கள்."

"விசர்க் கதை கதையாதையுங்கோ. ஆரும் உடுப்புக் காயவைச்சிருப்பினம்."

அவள் சொன்னது போலவே நினைத்த கட்டடப் பராமரிப்பாளர், பல்கனியில் துணி காயப்போடுவது வீட்டு ஒழுங்குவிதிக்கு விரோதம் என்று அவர்கள் கதவில் ஒரு கடதாசி ஒட்டினார். அவர்கள் எடுக்கவில்லை. மூன்று தரம் ஒட்டினார். அப்போதும் எடுக்கவில்லை. ஜெர்மனியில் பராமரிப்பாளரை மீறுகிறவன் எதற்கும் துணிந்தவன் என்று நான் முடிவு கட்டினேன்.

துணி பறந்த அன்றைக்கு மத்தியானமே இரண்டு பெண்கள் ஒரு பெரிய தட்டைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார்கள். மலை போலச் சோறு, அதன் மேல் ஆட்டிறைச்சி, மேலே வறுத்த பாதாம். சம்பந்தி வீட்டுப் பலகாரம் என்று எடுத்துக்கொண்டேன். "ஒருத்தரும் தொடக்குடாது," என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. மலர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கட்டுக் காலோடு மேசைக்கு வந்து, ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். "நல்லாயிருக்கு. உப்புத்தான் கொஞ்சம் குறைவு."

துஷாவின் பள்ளிக்கூடத்தில் காலித்தின் தங்கை ரீம் படித்தாள். நான் சொல்லித்தான் துஷா விசாரித்தாள். விசாரித்துவிட்டு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், வாசலிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னைக் கேட்டு வரேல்லை அப்பா. மன்னிப்புக் கேட்டு வந்தவை."

அதற்குப் பெயர் ஜாஹாவாம். ஒரு குலத்து ஆள் இன்னொரு வீட்டு ஆளுக்குக் காயம் செய்தால், செய்தவன் முதலில் போகக் கூடாது. மரியாதைப்பட்ட பெரியவர்கள் சேர்ந்து போவார்கள். கேட்டதைக் கொடுக்கும்வரை வைத்ததைக் குடிக்க மாட்டார்கள். கோப்பி என்றாலும் தேத்தண்ணி என்றாலும் ஒன்றுதான். வீட்டுக்காரன் "குடியுங்கள்" என்று சொன்னால் கொடுத்துவிட்டான் என்று பொருள். பெண் கேட்பதற்கும் அப்படித்தான் போவார்களாம், ஆக நான் முழு மடையனும் இல்லை. வெள்ளைத் துணி மன்னித்தவனின் பெருமைக்குக் கட்டுவது. அந்தத் துணி எனக்காகத்தான் பறந்தது.

"காலித் ஏன் வரேல்லை?"

"அவனைக் காஸல் எண்ட ஊரிலை மாமன் வீட்டுக்கு அனுப்பிட்டினமாம். நீங்கள் பழிவாங்குவியள் எண்டு பயந்து."

"நானோ?"

"தமிழர் சண்டைக்காரர் எண்டு டிவியிலை பாத்தவையாம். நீங்கள் காலமை வேலைக்குப் போகேக்கை பையுக்குள்ளை என்ன கொண்டு போறியள் எண்டு அவையின்ரை வீட்டிலை யன்னலாலை பாத்துக்கொண்டிருந்தவையாம்."

பைக்குள் சோற்றுப் பெட்டி. நான் அவர்களை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில் அவர்களும் என்னை யன்னலால் பார்த்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மலருக்கு வரவில்லை.

"கால் ஆரின்ரை?" என்று கேட்டாள்.

"என்ன?"

"முறிஞ்ச கால் ஆரின்ரை? உங்கடையோ? வேலை போனது ஆருக்கு? அத்தனை ஆம்பிளையளும் வந்து உங்களிட்டைக் கேட்டினம், நீங்களும் மன்னிச்சு அனுப்பிட்டியள். நான் அடுத்த அறையிலை படுத்திருக்கிறன். ஒருத்தரும் கதவைத் தட்டேல்லை."

"எனக்குத் தெரியாமல் சொன்னதுதானே..."

"தெரிஞ்சு சொல்லியிருந்தால் என்னைக் கேட்டிருப்பியளோ?"

படிவம் அவளுடைய தலையணைக்குப் பக்கத்தில், கையெழுத்து இல்லாமல் இருந்தது.

5

துஷா ரீமிடம் சொல்லி அனுப்பினாள். அம்மாவிடம் கேட்கவில்லை, ஆகவே ஒன்றும் முடியவில்லை என்று. ஒரு கிழமைக்கு மேல் பதில் இல்லை. வெள்ளைத் துணி மட்டும் பறந்துகொண்டிருந்தது. பொம்பிளையிடம் வந்து கேட்க அவர்களுடைய வழமை விடாது, இனி என்னை வாக்குத் தவறினவன் என்று சொல்லப் போகிறார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். கனகு அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, பொலிஸுக்குச் சொல்லி வைப்போமா என்றும் கேட்டேன். அவர், அதைத்தான் நான் முதலே சொன்னேன் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. அபூ நாயிஃப், காலித்தின் தாய், ரீம், அவர்களுக்குப் பின்னால் காலித். இந்த முறை அங்கியும் போர்வையும் இல்லை. கிழவர் சாதாரணமான கம்பளிச் சட்டை போட்டிருந்தார்.

மலர் வரவேற்பறைச் சோபாவில் காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். தேத்தண்ணியைத் தானே ஊற்றினாள். நால்வரும் தங்கள் தங்கள் கோப்பையை முன்னால் வைத்துவிட்டுக் கை எடுத்தார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன்.

"நீங்கள் இண்டைக்குப் பேசாமல் இருங்கோ," என்றாள் மலர்.

அவள் காலித்தைப் பார்த்தாள். கனநேரம் பார்த்தாள். பிறகு கேட்டதைத் துஷா டொச்சில் சொன்னாள். "வான் கண்ணாடியிலை என்னைக் கண்டனியோ?"

பொடியன் தாயைப் பார்த்தான். பெரியப்பாவைப் பார்த்தான். இல்லை என்று சொன்னால் முடிந்தது, எந்த வக்கீலும் அதைத்தான் சொல்லச் சொல்லுவான். "கண்டேன்," என்றான். "நீங்கள் நிற்பீர்கள் என்று நினைத்தேன். அவசரம். நீங்கள்தான் நிற்க வேண்டும் என்று நினைத்தேன்."

ரீம் அதை அரபில் சொன்னபோது தாய் முகத்தை மூடிக்கொண்டாள். இதுதான் சமயம், வாக்குமூலம் வந்துவிட்டது, சாட்சிக்கு நானும் இருக்கிறேன் என்று என் சந்தேகப் புத்தி கணக்குப் போட்டது. கடவுளே, எப்படிப்பட்ட புத்தி!

மலர் இரண்டு வெள்ளை மேலங்கிகளைப் பற்றிச் சொன்னாள். ஸ்திரிக்கை போட்டுத் தொங்கவிட்டதைச் சொன்னாள். இப்போது அவை அலுமாரியில் இருக்கின்றன என்றாள். அழவில்லை. கடைக்குப் போன கதை சொல்லுகிற குரலில் சொன்னாள். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

காலித்தின் தாய் எழும்பி வந்தாள். மலரின் மாவுக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். ரீம் மொழிபெயர்க்கத் தொடங்க, மலர் கையைக் காட்டி நிறுத்தினாள். "விளங்குது," என்றாள். அவளுக்கு அரபில் ஒரு சொல்லும் தெரியாது.

பிறகு அந்தப் படிவத்தை எடுத்தாள். நாலாக மடித்தாள். காலித்தின் கோப்பையைத் தூக்கி, மடித்த படிவத்தை அதற்குக் கீழே வைத்தாள்.

"குடி ராசா," என்றாள்.

இதைத் துஷா மொழிபெயர்க்கவில்லை. அவன் குடித்தான். தேத்தண்ணி சிந்தியது, படிவம் நனைந்தது. அடுத்த நாள் தொடக்கம், கட்டு வெட்டும்வரை, தினமும் காலையில் அவனுடைய தாய் வந்து எங்கள் வீட்டைக் கூட்டி, மலருக்குத் தலை வாரி இழுத்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற சாதி இல்லை அவர்கள். மலர் அடுத்த வசந்தத்தில் ஒரு பாலர் பாடசாலைச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஸ்திரிக்கை போட்ட மேலங்கி மறுபடி கதவில் தொங்கியது.

மன்னிப்புக்கு அவர்கள் வைத்த விருந்தில்தான் நான் அவர்களுடைய கோப்பியை முதலில் குடித்தேன். கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணம், அடியில் ஒரு மடக்கு. கசப்பென்றால் கசப்பு, வேம்பு தோற்றுவிடும். குடித்து முடித்ததும் ஊற்றினார்கள். முடித்தேன். ஊற்றினார்கள். மரியாதைக்கு நானும் விடாமல் குடித்தேன். நெஞ்சு படபடத்து, என்னைக் கொல்லத்தான் பார்க்கிறார்கள் என்று நினைக்கத் தொடங்கிய நேரம், காலித் காதுக்குள் சொன்னான்: "போதுமென்றால் கிண்ணத்தை ஆட்ட வேண்டும் அம்மு. ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்."

6

கனகு அண்ணையையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த திருவிழாவுக்கு உதவி கேட்டு வந்தார். மலர் தேத்தண்ணி வைத்தாள். "இப்பதான் பிள்ளை குடிச்சனான்," என்றார்.

"விளங்குது அண்ணை," என்றாள் மலர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "அரபியளும் அப்பிடித்தான். ஏதும் கேட்டு வந்தால், அது கிடைக்கும்வரை குடிக்கமாட்டினம். நீங்கள் இவ்வளவு வருசமாக் குடிக்காமல் இருக்கிறியள். எங்களிட்டை என்னத்துக்கு மன்னிப்புக் கேக்க வந்தனீங்கள்?"

துஷா சிரிப்பை அடக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். கனகு அண்ணை ஒன்றும் விளங்காதது போல இருந்தார். ஆனால் அன்றைக்குத் தண்ணிப் போத்தலும் கேட்கவில்லை. தேத்தண்ணியும் குடிக்கவில்லை. மனிசர் அவ்வளவு கெதியில் மாறுவதில்லை.

7

நேற்று கொலோனுக்குப் போனேன். மலர் என் கோட்டைத் தட்டிவிட்டு, "அங்கை போய் ஒருத்தரையும் பாத்துக் கத்திப்போடாதையுங்கோ," என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

பெண் வீடு மூன்றாம் மாடி. ஏறினவர்கள் எல்லாரும் அங்கி, போர்வை. நடுவில் பேக்கரிக்காரன் நான், கறுத்த கோட்டில். அபூ நாயிஃப் என்னைத் தனக்கு வலப்பக்கத்தில் இருத்தினார். அந்த இடத்தின் மதிப்பு எதிரே இருந்தவர்களின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. கிண்ணங்களில் கோப்பி வந்தது. எல்லாரும் வாங்கி முன்னால் வைத்தார்கள். நானும் வைத்தேன்.

அபூ நாயிஃப் கேட்டார். பெண்ணின் தகப்பன் பதில் சொல்லவில்லை. கட்டையான மனிசன், நரைத்த மீசை. அவர் கண் என்னில் நின்றது. தலையிலிருந்து சப்பாத்துவரை பார்த்தது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், அது என்னுடைய பார்வை. யார் இவன்? ஏன் வந்தான்? இதற்குள் என்ன இருக்கிறது?

அவர் ஏதோ கேட்டார். காலித்தின் அண்ணன் என் காதுக்குள் டொச்சில் சொன்னான்: "இவர் எந்தக் குலம் என்று கேட்கிறார்."

குலத்தைக் கேட்கிறார்கள். கொலோனில், மூன்றாம் மாடியில், என் குலத்தைக் கேட்கிறார்கள். நான் வந்திருக்கவே கூடாது. என்னால் பொடியனின் கலியாணம் கெடப் போகிறது. கிண்ணத்தில் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

அபூ நாயிஃப் அவசரப்படவில்லை. என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். காலித்தின் அண்ணன் அதையும் என் காதுக்குள் சொன்னான்: "எங்கள் பிள்ளை இவருடைய வீட்டில் ஒரு எலும்பை முறித்தான். நாங்கள் போய், குடிக்காமல் இருந்தோம். இவர் எங்களைக் காக்க வைக்கவில்லை. குடியுங்கள் என்றார். இவர் குலம் அதுதான்."

நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று கிழவருக்கு இன்றுவரை தெரியாது. சொல்ல வாயெடுத்தேன். மலர் சொன்னது ஞாபகம் வந்தது, பேசாமல் இருந்தேன்.

பெண்ணின் தகப்பன் கிண்ணங்களின் வரிசையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஒரு வார்த்தைதான் சொன்னார். அதற்கு எனக்கு ஒருத்தரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

குடித்தேன். ஆறிப்போயிருந்தது, முன்னரைவிடக் கசந்தது. உள்ளே பெண்கள் குரவை இட்டார்கள். கோப்பி ஊற்றுகிறவர் கெண்டியோடு என் முன்னால் வந்து, கிண்ணத்தை ஆட்டுவேனா என்று பார்த்து நின்றார். எனக்கு இப்போது அந்த வழமை தெரியும். அம்மா வைத்து வைத்து வாழையடியில் ஊற்றின தேத்தண்ணி எல்லாம் நினைவில் வந்தது. அம்மா இப்போது இல்லை. நான் கிண்ணத்தை ஆட்டாமல் நேராக நீட்டினேன்.